நகம் ஏடு ஏடாகப் பிரிகிறது. சாப்பாட்டில் எதைச் சேர்த்தால் உறுதிப்படும்?

நூலிழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தையல் வேலை செய்பவள். மெல்லிய துணிகளுக்குக் கையால் ஓரம் தைப்பது, பூவேலை, மணி கோப்பது என்று நாள் முழுவதும் விரல் நுனியில்தான் என் வேலை. சில மாதங்களாக நகங்கள் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்தின் நுனி ஏடு ஏடாகப் பிரிகிறது. மேல் ஏடு கழன்றபின் அடியில் மிஞ்சுவது மெல்லிசாக, அழுத்தினால் வளைகிறது. பட்டு நூலை இழுக்கும்போது அந்த விளிம்பில் நூல் மாட்டி இழை கிளம்பிவிடுகிறது. சில நேரம் துணியிலேயே கீறல் விழுகிறது. கட்டைவிரல் நகத்தின் தொல்லை வேறு விதம். அதில் நீளவாக்கில் வரிகள் ஓடுகின்றன. ஒரு வரி நுனியில் பிளந்து உள்நோக்கிப் போகிறது. முன்பு நடுவில் மேடாக இருந்த நகம் இப்போது தட்டையாகத் தெரிகிறது.

உணவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடையைக் குறைப்பதற்காகச் சென்ற ஆண்டு சாப்பாட்டை மாற்றினேன். முட்டை, இறைச்சி அறவே இல்லை, பருப்பும் எப்போதாவதுதான். காய்கறி, பழம், இரண்டு வேளை கொஞ்சம் சோறு. எடை நன்றாகவே குறைந்தது. சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது நெடுநாள் பழக்கம். நகத்தில் வெள்ளைப் புள்ளிகளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச்சத்துக் குறைவு" என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதனால் கால்சியம் மாத்திரை எடுத்து வருகிறேன். மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. மருந்துக்கடையில் கேட்டால் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை எடுத்து நீட்டுகிறார்கள்.

நகத்தின் உறுதிக்கும் உணவுக்கும் உண்மையில் எவ்வளவு தொடர்பு? எதைச் சாப்பிட வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொடிமுல்லை எழுதியது:

தோழி, ஜெலட்டின் முயன்று பாருங்கள். பொடியாகக் கிடைக்கிறது, வெந்நீரில் கரைத்துக் குடிக்கலாம். நகம் உறுதிப்படும் என்று என் அம்மா காலத்திலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கால்சியத்தையும் நிறுத்தாதீர்கள். எலும்புக்கு நல்லது நகத்துக்கும் நல்லதுதானே?

சோதனைக்குழாய் எழுதியது:

நூலிழை, பயோட்டின் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் அம்மா. நான் மருத்துவர் அல்ல. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரத்தம் எடுக்கக் கையைப் பிடிக்கும்போதெல்லாம் கண் தானாக நகத்துக்குப் போய்விடும். 'இவருக்கு இரும்புச்சத்துக் குறைவாகத்தான் இருக்கும்' என்று மனத்துக்குள் நினைப்பேன். மாலையில் முடிவு வரும்போது பல நேரம் அப்படியே இருக்கும்; சில நேரம் இருக்காது. ஆகவே நகத்தை மட்டும் பார்த்து, அதுவும் எழுத்தில் படித்து, உங்களுக்கு இன்ன குறை என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு தொல்லைகள். நுனி ஏடாகப் பிரிவது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது: தண்ணீர், சோப்பு, நகப்பூச்சை அழிக்கும் திரவம், நகத்தையே கருவியாக்கிச் சுரண்டுவது. நீளவாக்கில் வரி விழுந்து பிளப்பது நகம் உருவாகும் இடத்திலேயே தொடங்குவது. வயது ஏறினால் எல்லோருக்கும் ஓரளவு வரி விழும், அது நோயல்ல. ஆனால் நீங்கள் சொன்னதில் என்னை நிறுத்தியது வரி அல்ல, தட்டையான கட்டைவிரல் நகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கால்சியம் பற்றி. நகத்தின் எடையில் கால்சியம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நகத்தைக் கடினமாக்குவது கெரட்டின் என்னும் புரதம். புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்னும் சிறு துண்டுகள் கோத்து ஆனவை; கெரட்டினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. சிஸ்டீனில் கந்தகம் உண்டு. பக்கத்துப் பக்கத்து இழைகளின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதால்தான் நகம் நகமாக இருக்கிறது. எலும்பின் கணக்கு வேறு, இதன் கணக்கு வேறு. வெள்ளைப் புள்ளிகளுக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தமில்லை. நக வேரில் எப்போதோ பட்ட சின்ன இடி, நசுங்கல்தான் பெரும்பாலும் அப்படிப் புள்ளியாக வெளிவரும். உங்கள் தொழிலில் ஊசியும் கத்தரிக்கோலும் விரலை ஓயாது அழுத்துகின்றன. புள்ளி விழாவிட்டால்தான் ஆச்சரியம். அது நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டோடு போய்விடும்.

கொடிமுல்லை, உங்கள் அம்மா சொன்னது அந்தக் காலத்தில் பரவலாக நம்பப்பட்டதுதான். ஜெலட்டினும் புரதம்தான், ஆனால் அதில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இல்லவே இல்லை. நகத்துக்கு வேண்டிய சிஸ்டீனும் இல்லாத அளவுக்குக் குறைவு. ஒரு முட்டையில் இருக்கும் புரதம் அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது காலம். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலரும் மாத்திரைக்கு மேல் மாத்திரை மாற்றுகிறார்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். வேரிலிருந்து நுனிவரை வர ஆறு மாதம் பிடிக்கும். கால்விரல் நகத்துக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் முதல் தேதியன்று வேரோரம் ஒரு கோடு கீறி, அது நுனியை எட்டும்வரை கணக்கு வைத்தார். 1941-இல் தொடங்கி 35 ஆண்டுகள் விடாமல் செய்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட பொறுமை உள்ளவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. உங்களுக்கு இதில் உள்ள செய்தி: இன்று உங்கள் பட்டு நூலை இழுக்கும் நுனி ஏறத்தாழ அரை ஆண்டுக்கு முன் உருவானது. அதாவது, நீங்கள் முட்டையையும் பருப்பையும் விட்டிருந்த காலத்தில். இன்று நீங்கள் சாப்பிடுவது அந்த நுனியை எதுவும் செய்யாது. நகம் வெளிவந்த பின் அது உயிரற்ற பொருள்; அதற்கு உள்ளிருந்து உணவு போகாது. மாற்றத்தைப் பார்க்க வேண்டிய இடம் அடியில், நக வேரோரம் தெரியும் வெள்ளைப் பிறைக்குப் பக்கத்தில்.

இனிக் கட்டைவிரலுக்கு வருகிறேன். இரும்புச்சத்து நெடுநாள் குறைந்தால் நகம் மெலியும், மேடு தட்டையாகும், முற்றினால் நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். கரண்டி நகம் என்பார்கள். கையைச் சமமாக வைத்து, கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல நகத்தில் சொட்டு வழிந்துவிடும். குழிந்த நகத்தில் அப்படியே தங்கும். மருத்துவர்களும் இப்படிப் பார்ப்பதுண்டு. ஆனால் கையால் கடுமையாக உழைப்பவர்களுக்கு இரும்பு சரியாக இருந்தும் நகம் குழியலாம். அதனால் சொட்டு தங்கினால் பயப்பட வேண்டாம், தங்காவிட்டால் அலட்சியமும் வேண்டாம்.

மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஹீமோகுளோபினோடு நின்றுவிடுகிறார்கள். ஃபெரிட்டின் என்பது உடலில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது. இருப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். 12-க்கு மேல் இருக்கிறது, எல்லாம் நலம் என்று வீட்டுக்குப் போன பெண்களின் ஃபெரிட்டின் அதலபாதாளத்தில் இருந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் போனால் குறை என்கிறது. பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே கவனிப்பார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும், உள்ளே குறை இருந்தாலும் மறைந்துவிடும். உடம்பு சுகமாக இருக்கும் நாளில் இரத்தம் கொடுங்கள். தைராய்டும் சேர்த்துப் பார்ப்பது நல்லது; அது மந்தமானாலும் நகம் மெதுவாக வளரும், உடையும்.

உணவில் என்ன செய்யலாம்? புரதத்திலிருந்து தொடங்குங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை என்பது பொதுக் கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. காயும் பழமும் கொஞ்சம் சோறும் என்றால் 40-ஐ எட்டவே முடியாது. உடம்பு முதலில் இதயம், தசை, இரத்தம் என்று பார்த்துக் கொடுக்கும். முடியும் நகமும் கடைசிப் பந்தியில்தான். முட்டையும் மீனும் இறைச்சியும் சாப்பிடுவீர்களானால் திரும்பச் சேருங்கள். விருப்பமில்லை என்றால் பருப்பு, கடலை, சோயா, பால், தயிர் என்று தினமும் கலந்து வரட்டும். எடை குறைப்பதைக் கைவிடச் சொல்லவில்லை. புரதத்தைக் குறைக்காமலும் எடையைக் குறைக்கலாம்.

இறைச்சியில், மீனில் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கும். பருப்பு, கீரையில் உள்ளதை ஏற்பது கடினம். கூடவே வைட்டமின் சி இருந்தால் ஏற்பது கூடும். பருப்பின் மேல் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பாட்டோடு ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் இதற்கு நேர் எதிரி. அதிலுள்ள டேனின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. காபியும் அப்படித்தான். குடிக்கவே கூடாது என்பதில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நீங்கள் எடுக்கும் கால்சியம் மாத்திரையும் சாப்பாட்டோடு என்றால் இரும்பைத் தடுக்கும். ஆக, நகத்துக்காக நீங்கள் விழுங்கும் மாத்திரையே நகத்துக்கு எதிராக வேலை செய்யலாம்.

மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்களுக்கு இரும்பு குறைவதற்கு அதுதான் பெரிய வாசல். எத்தனை கீரை தின்றாலும் அந்த வாசல் திறந்தே இருந்தால் நிரம்பாது.

நூலிழை எழுதியது:

அம்மா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிகவும் நன்றி. சொட்டு விட்டுப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் தங்குகிறது, இடதில் மெல்ல வழிகிறது. உதிரப்போக்கு அதிகம்தான், சில ஆண்டுகளாகவே அப்படித்தான் இருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் இப்போதுதான் இதோடு சேர்த்து யோசிக்கிறேன். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன்.

ஆனால் ஏடாகப் பிரிவது வெளியிலிருந்து வருவது என்றீர்களே, அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. வீட்டில் பாத்திரம் துலக்குவது நான்தான். வேலை தொடங்கும்முன் துணியில் கறை படியாதிருக்க அடிக்கடி கை கழுவுவேன். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

ஈரக்கை எழுதியது:

தொடர்பு நிச்சயம் உண்டு சகோதரி. நான் செவிலியர், நாள் முழுக்கக் கை கழுவுபவள். எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு இதே புகார்.

நகம் ஒரே கட்டி அல்ல. கெரட்டின் நிறைந்த தட்டையான செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. நகம் தோலைவிட வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும், வேகமாக இழக்கும். ஊறும்போது உப்பும், காயும்போது சுருங்கும். தண்ணீர் மட்டுமே கேடு என்பதில்லை. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதுதான் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. நுனி மிகப் பழையது, அதிகம் அடிபட்டது, ஆகவே அங்கே முதலில் பிரிகிறது.

பாத்திரம் துலக்கும்போது கையுறை போடுங்கள். ரப்பர் கையுறைக்குள் வியர்த்தால் அதுவும் ஈரம்தான். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று இருக்கட்டும். கை கழுவித் துடைத்த கையோடு, ஈரம் முழுதும் காய்வதற்குள், பெட்ரோலியம் ஜெல்லியோ யூரியா கலந்த களிம்போ நகத்தின் மேலும் அடியிலும் தடவுங்கள். துணியில் எண்ணெய் படும் என்று தயங்குவீர்கள். பகலில் கொஞ்சமாகத் தடவித் துடைத்துவிட்டு, இரவில் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள்.

நகத்தைக் குட்டையாகவே வைத்திருங்கள். பிரிந்த ஏட்டை உரித்து எடுக்காதீர்கள், அது நல்ல பகுதியையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகும். மிக நுண்ணிய அரத்தால் ஒரே திசையில் தேய்த்து விளிம்பை மழுக்குங்கள், நூல் மாட்டாது. நகப்பூச்சை அழிக்க அசிட்டோனை அடிக்கடி பயன்படுத்த வேண்டாம். நகத்தைக் கடினமாக்கும் என்று ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சுகள் விற்கிறார்கள். முதலில் கெட்டிப்பட்டதுபோல் இருக்கும், தொடர்ந்து பூசினால் வளையும் தன்மை போய் முன்பைவிட எளிதில் ஒடியும்.

உணவைப் பற்றி அம்மா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அல்லிமலர் எழுதியது:

எனக்குப் பயோட்டின்தான் கைகொடுத்தது. 10,000 மைக்ரோகிராம் மாத்திரை தினம் ஒன்று. சில மாதங்களில் நகம் உடைவது நின்றுவிட்டது. தண்ணீரில் கரையும் வைட்டமின், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்கிறார்கள். பிறகு ஏன் தயங்க வேண்டும்? சோதனைக்குழாய் அம்மா முதல் வரியிலேயே அதைத் தள்ளிவைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் விட்டுவிட்டாரே.

சோதனைக்குழாய் எழுதியது:

நியாயமான கேள்வி அல்லிமலர். உங்களுக்குப் பலன் தெரிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நகத்துக்கு இந்த மாத்திரையை யோசித்ததே குதிரைகளிடமிருந்துதான். அவற்றின் குளம்பு வெடிப்புக்குப் பயோட்டின் கொடுத்துப் பலன் கண்டார்கள். பிறகு மனிதர்களிடம் சில சிறிய ஆய்வுகள் நடந்தன. 1993-இல் வெளிவந்த ஒன்றில் 35 பேர் பயோட்டின் எடுத்தார்கள். 22 பேருக்கு நகம் தேறியது, 13 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது 2,500 மைக்ரோகிராம் அளவு. போலி மாத்திரை எடுத்த ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு இன்னும் இல்லை. அரை ஆண்டு காத்திருந்தால், அதற்குள் கையுறை போட்டு, சாப்பாட்டையும் கவனித்தால், மாத்திரை இல்லாமலும் சிலருக்கு நகம் தேறும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம். வேகவைத்த ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய 10 இருக்கிறது. ஈரல், மீன், கடலை வகைகளிலும் உண்டு. சாதாரணமாகச் சாப்பிடுபவர்களுக்கு உண்மையான பயோட்டின் குறைபாடு அரிது. பச்சை முட்டை வெள்ளைக்கருவை நெடுநாள் குடிப்பவர்களுக்கு வரலாம். அதிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினைக் கவ்விக்கொள்ளும். வேகவைத்தால் அந்தப் பிடி போய்விடும். உடற்பயிற்சி செய்பவர்கள் சிலர் பச்சை முட்டையைக் குடிக்கிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலிப்பு மருந்துகள் சிலவற்றை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் குறையலாம்.

நான் தயங்குவதற்குக் காரணம் எங்கள் தொழிலோடு சேர்ந்தது. பல இரத்தப் பரிசோதனைக் கருவிகளின் வேதிமுறையே பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இறுக ஒட்டிக்கொள்வதை நம்பித்தான் அமைந்திருக்கிறது. இரத்தத்திலேயே பயோட்டின் மிகுந்து கிடந்தால், அது நடுவில் புகுந்து அந்தப் பிடிப்பைக் கெடுக்கும். சில சோதனைகள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், சில கூட்டிக் காட்டும். தைராய்டில் இது மிக மோசம்: தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் அதிகமாகவும் வந்து, தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோலவே அச்சாகத் தோன்றும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பெண்ணின் முடிவு அப்படித்தான் வந்தது. கை நடுக்கமில்லை, படபடப்பில்லை, எடை குறையவில்லை. நாடி பிடித்துப் பார்த்தேன், நிதானமாக ஓடியது. தாளில் இருப்பதும் எதிரில் உட்கார்ந்திருப்பவரும் பொருந்தவே இல்லை. முடிக்கோ நகத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது வைட்டமின்தானே, மருந்து இல்லையே, அதனால் டாக்டரிடம் சொல்லவில்லை" என்றார். மருத்துவரிடம் பேசி, அதை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தோம். எல்லாம் இயல்பு. கேட்காமல் விட்டிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கியிருக்கும்.

மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையையும் இது குறைத்துக் காட்டக்கூடும். 2017 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது; ட்ரோபோனின் தவறாகக் குறைவாக வந்த ஒருவர் இறந்ததும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்பது சரிதான். போவதற்கு முன் இரத்தத்தில்தானே இருக்கிறது! நூலிழைக்கு நான் கேட்கச் சொன்ன ஃபெரிட்டினையும் சில கருவிகளில் இது குறைத்துக் காட்டலாம். அதனால்தான் பயோட்டின் வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள் என்றேன்; சோதனைக்கு முன் அதைத் தொடாதீர்கள். எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். பொதுவாக இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்வார்கள். உங்களுடையதுபோல் அளவு பெரிதானால் இன்னும் கூடலாம்.

இன்னொன்று. 'முடி, தோல், நகம்' என்று எழுதிய கலவை மாத்திரைகளில் செலினியமும் துத்தநாகமும் இருக்கும். செலினியம் மிகுந்தால் வருவது என்ன தெரியுமா? முடி கொட்டும், நகம் ஒடியும், கழன்றும் விழும். 2008-இல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவச் சத்து மருந்தில் தவறுதலாகச் சீட்டில் எழுதியதைப்போல் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். துத்தநாகத்தை அளவுக்கு மேல் நெடுநாள் எடுத்தால் தாமிரம் குறையும், அதிலிருந்து இரத்தசோகையே வரலாம். இரண்டு மூன்று கலவை மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பவர்கள் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

நூலிழை எழுதியது:

முடிவுகள் வந்துவிட்டன. ஹீமோகுளோபின் 12.3. ஃபெரிட்டின் 8. தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் திரும்பியிருப்பேன் அம்மா. உதிரப்போக்குக்காக ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் எடுத்தால் வேகமாக ஏறாதா? நகம் தேற எத்தனை நாளாகும்? பிளந்த கட்டைவிரல் நகத்தை என்ன செய்வது?

சோதனைக்குழாய் எழுதியது:

நல்லது அம்மா, காரணம் கிடைத்துவிட்டது. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள், மாத்திரையைவிட அது முக்கியம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதில் காரணம் இருக்கிறது. இரும்பு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும்; அது ஒரு நாள் அளவுக்குக் குடலின் கதவைச் சாத்திவைக்கும். மறுநாளே இன்னொரு மாத்திரை போட்டால் அதில் ஏறுவது குறைவு, வயிற்றுத் தொந்தரவு மட்டும் கூடும். மருத்துவர் சொன்னபடியே எடுங்கள். மலம் கறுத்துப் போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்க்கச் சொல்வார்கள். உடம்பில் தெம்பு முன்னாலேயே வந்துவிடும். தெம்பு வந்துவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. இருப்பு நிரம்பும்வரை நிறுத்தாதீர்கள்.

நகத்துக்கு நாள் கணக்கு வேண்டாம், மாதக் கணக்கு வையுங்கள். முதல் மாதத்தில் வேரோரம் 3 மில்லிமீட்டர் மட்டும் புதிதாக இருக்கும். பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் வழுவழுப்பில் வித்தியாசம் தெரிந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். முழு நகம் மாற ஆறு மாதமாவது ஆகும். கட்டைவிரலில் பிளந்த இடத்தை ஒட்டக் குட்டையாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, வேலை நேரத்தில் மெல்லிய மருத்துவ ஒட்டுப்பட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். நகம் ஒன்று மட்டும் மஞ்சளாகத் தடித்தாலும், கருங்கோடு ஓடினாலும், சதையை விட்டுத் தூக்கிக்கொண்டாலும் அதை இரும்போடு சேர்க்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சை, சொரியாசிஸ், இன்னும் பெரியவைகூட அப்படித் தெரியும்.

கால்சியம் மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடமே கேளுங்கள். தொடரச் சொன்னால், இரும்பு காலையில் எலுமிச்சைச் சாற்றோடு இருக்கட்டும், கால்சியம் இரவுக்குப் போகட்டும். இரண்டுக்கும் அருகில் தேநீர் வர வேண்டாம்.